மூடியின் உட்புறம்

ஜனவரி 11

இன்று வீடு மாறினேன். மாணவர் பரிமாற்றத்தில் இந்த நாட்டுக்கு வந்த எனக்கு இது இரண்டாவது வீடு. ஓனோ வீட்டம்மா வாசல் வரை வந்து அழுதார். இனி இரண்டு மாதம் தகிகாவா குடும்பம். இந்த வீட்டு அப்பா துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை செய்கிறார். மகள் சயோ என் வகுப்புதான். அம்மா எனக்கென்று புதுச் சோற்றுக் கிண்ணம் வாங்கி வைத்திருந்தார், சிவப்புப் பூப் போட்டது. "இனிமே இது உன்னோடது மேகலா. வேற யாரும் இதுல சாப்பிட மாட்டாங்க."

சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் இன்னொரு இடம். நீலக் கிண்ணம், மேலே மூடி. ஆள் இல்லை.

"அண்ணனோடது. ரியோஹே. படகுல போயிருக்கான்," என்றாள் சயோ.

"எப்ப வருவாங்க?"

"நீ கேள்வி கேட்டுட்டே இரு, சோறு ஆறிப் போகட்டும்."

ஜனவரி 12

எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா அந்த மூடியைத் தூக்கி உட்புறத்தைப் பார்க்கிறார். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. "நல்லா இருக்கான்," என்று தனக்கே சொல்லி மூடிவிடுகிறார்.

ஜனவரி 20

அப்பாவிடம் கேட்டேன். தூரம் போனவர்களுக்குச் சோறு வைப்பது பழைய வழக்கமாம். மூடியில் நீர் கோத்தால் ஆள் பத்திரம்.

சூடான சோறு, குளிர்ந்த மூடி, நீராவி. ஐந்தாம் ஆண்டு அறிவியலிலேயே படித்துவிட்டேன். ஆனாலும் அம்மா மூடியைத் தூக்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஏன்?

ஜனவரி 28

குளியலறையில் ஒரு புது நீலப் பல்துலக்கி. நனைவதே இல்லை.

பிப்ரவரி 3

வசந்தத்துக்கு முந்தின நாள், பயறு வீசிப் பேய் விரட்டினோம். அப்பாதான் பேய், காகித முகமூடியோடு. "பேயே வெளிய போ!" என்று சயோ கத்தினாள், நானும் கத்தினேன். அப்பா பனிக்குள் ஓடினார். சட்டென்று கதவைச் சாத்த வேண்டும், அதுதான் முறை. அம்மா கையை வைத்துத் தடுத்தார்.

"சாத்தாதே."

பனி உள்ளே வந்துகொண்டே இருந்தது. அப்பா முகமூடியைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றார்.

பிப்ரவரி 6

வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். கணவாய் மீன் பிடிக்கப் போன படகு மூன்று குளிர்காலத்துக்கு முன்பே கவிழ்ந்துவிட்டதாம். மற்றவர்களின் உடல் கிடைத்தது. ரியோஹே மட்டும் கிடைக்கவில்லை.

தினமும் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்?

திரும்பி வரும்போது சயோவிடம் கேட்டேன். "அம்மா முன்னாடி மட்டும் வாயைத் திறந்தே, உன்னை இந்தப் பனியிலயே புதைச்சிடுவேன்," என்று சிரித்தாள்.

பிப்ரவரி 13

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல். காலையில் பசியாற நானே செய்கிறேன் என்று எழுந்தேன். ஓனோ வீட்டில் தினமும் முதல் அகப்பைச் சோறு, இறந்தவர்களின் படம் இருக்கும் சாமி அலமாரிக்குத்தான் போகும். மூடக் கூடாது, சோற்றின் ஆவிதான் அவர்களுக்குச் சாப்பாடு என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். இங்கேயும் அலமாரி இருக்கிறது, தாத்தா படத்தோடு. ரியோஹே பாவம், எத்தனை நாளாக மேசையிலேயே காத்திருக்கிறார் என்று நினைத்தேன் — நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் — நீலக் கிண்ணத்தைத் திறந்து தாத்தா படத்துக்கு முன்னால் வைத்தேன். அலமாரியில் இருந்த மணியையும் அடித்தேன். கை கூப்பினேன்.

மணிச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை.

"மூடி எங்க?"

அவ்வளவுதான் கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். மூடி காஞ்சு கிடந்துச்சு. அவங்க அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாங்க.

அவர்கள் மகனை நான் கொன்றுவிட்டேனா?

பிப்ரவரி 14

அம்மாவிடம் தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்டேன். "எழுந்திரு. சாப்பிடு," என்றார். நீலக் கிண்ணம் பழைய இடத்தில் இருந்தது. மூடியை அவர் தூக்கவில்லை.

பிப்ரவரி 15

தூக்கவில்லை.

பிப்ரவரி 17

அப்பாவோடு பனி அள்ளினேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ செஞ்சது தப்புதான். ஆனா அந்த மணியை யாராவது ஒருநாள் அடிச்சுத்தான் ஆகணும். எனக்குத் தைரியம் வரலை."

சாப்பிடும்போது பக்கத்து இடத்திலிருந்து குளிர் வருகிறது. ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறது. பார்த்துவிட்டேன்.

மார்ச் 8

மூன்றாவது வீடு, குதோ குடும்பம். கிளம்பும்போது என் கிண்ணத்தைத் துணியில் சுற்றினேன். அம்மா வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும்."

கோபம் போகவில்லை போலிருக்கிறது. "போயிட்டு வரேன்," என்றேன். தினமும் உடனே பதில் வரும். இன்று காலணிக் கயிற்றைக் கட்டி முடிக்கும் வரை வரவில்லை. கதவைத் திறந்த பிறகுதான், "போயிட்டு வா."

மார்ச் 22

இங்கே எல்லோரும் இறந்தவர்களைப் பார்க்கக் கல்லறைக்குப் போகும் வாரம். சயோ இன்று என்னைப் பள்ளி மாடிப்படியில் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து அம்மாவே அண்ணன் கிண்ணத்தை உள்ள கொண்டு போய் வச்சாங்க. அலமாரியில, தாத்தா படத்துப் பக்கத்துல. மணி அடிச்சாங்க. அப்பா குளியலறைக்குள்ள போனவர் வெளியவே வரலை."

"மூடி?"

"திறந்துதான் வச்சாங்க."

"இல்ல, அந்த மூடி எங்க?"

"உன் கிண்ணத்து மேல. பொருந்தவே இல்ல, நீலமும் சிவப்புமா அசிங்கமா இருக்கு. உன் இடத்துல உனக்குச் சோறு வைக்கிறாங்க. என்னைவிட உனக்குத்தான் நிறைய." மூக்கைச் சிந்தினாள். "சாப்பிட்டதும் தூக்கிப் பார்த்தாங்க. நிறையத் தண்ணி. பொண்ணு நல்லாத்தான் இருக்காளாம்."

நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இன்று குதோ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தலைக்கு மேலே யாரோ எதையோ மெல்லத் தூக்கிப் பார்ப்பது போலிருந்தது. அசையாமல் இருந்தேன். சோறு ஆறுவதற்குள், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.