கோ செல்வம் பிடித்திருந்த கயிறு

அன்பு அண்ணாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ரங்கூனில், நம் தாமுவேயில் இப்போதெல்லாம் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. என் பாப்பாவும் இப்போதுதான் தூங்கினாள். மூன்று வயது முடிந்துவிட்டது அவளுக்கு. நாற்காலியைக் கண்டால் ஏறுகிறாள். உன் புத்திதான். நான்தான் ஓடி ஓடிப் பிடிக்கிறேன்.

ஒரு செய்தி. நான் கயிற்று மீட்புப் பயிற்சிக்குப் போகிறேன். சிரிக்காதே. அலோனில் காலியாகக் கிடக்கும் ஒரு கிடங்கில், ஞாயிறுதோறும். இரண்டு மூன்று பேராக மலையேறும்போது ஒருவர் விழுந்தால் மற்றவர் என்ன செய்வது என்று சொல்லித்தருகிறார்கள். ஏன் போனேன் தெரியுமா? பாஅன் மலையில் நீ பாறை விளிம்புக்குக் கீழே தொங்கியபோது, மேலே கயிற்றைப் பிடித்திருந்த உன் கூட்டாளி, பர்மிய வழக்கில் அண்ணன் என்று ‘கோ’ போட்டு நான் அழைக்கும் கோ செல்வம், என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றிருந்தது.

உன் உடலை எடுத்த அன்று எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டேன்: "மூணு மணி நேரம் சும்மா பிடிச்சுக்கிட்டா இருந்தீங்க? தூக்கத் தெரியாதா?" அவருக்கு இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. பிறகு தன் ஊரான கியாக்தானுக்கே போய்விட்டார். நம் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

முதல் ஞாயிறு, கிடங்கின் மேல்தட்டில் என்னைத் தூணோடு கட்டி உட்காரவைத்தார்கள். என் இடுப்பு வாரில் மாட்டிய கயிற்றின் மறுமுனையில் ஓர் அரிசி மூட்டை. அதை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டு, பயிற்சி தரும் கோ இஸ்மாயில் கேட்டார்: "அக்கா, கீழ தொங்குறவர்கிட்டேருந்து கூப்பிட்டா பேச்சில்ல. இப்ப என்ன பண்ணுவீங்க?"

இழுத்தேன். ஒரு சாண்கூட ஏறவில்லை.

"இழுக்காதீங்க! ரங்கூன்காரங்க எல்லாரும் இப்படித்தான். மாடியிலேருந்து கயிறு விட்டுக் கீரைக்கட்டு தூக்கிப் பழகின கை. இது கீரையில்லக்கா. முதல்ல பாரத்தை உங்க மேலேருந்து பாறைக்கு மாத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எப்படி மாற்றுவது? பிடித்த கையை விடக்கூடாது. மற்றக் கையால் முடிச்சுப் போட்டு நிறுத்தி, மெல்லிய கயிறு ஒன்றைப் பாரக் கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, அதைத் தூணில் கட்டி, பாரத்தை மெதுவாக அதன்மேல் இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கலாம், உதவிக்கு ஓடலாம், கப்பி போட்டுத் தூக்கலாம். பத்து நிமிடத்தில் என் தொடை மரத்துவிட்டது. பாப்பா நினைவு வந்து, அழுதேவிட்டேன். வெறும் மூட்டை, அண்ணா! கீழே நாலு பேர் நின்றிருந்தார்கள். அப்படியும் கைவர ஐந்து ஞாயிறு ஆயிற்று.

கோ செல்வத்துக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? உனக்கே தெரியாதே. தெரியாமல்தானே இரண்டு பேரும் கிளம்பினீர்கள்? கிராமத்து ஆட்கள் வரும்வரை அவர் விடவில்லை. தோல் உரிந்தும் விடவில்லை. அந்தக் கையைப் பார்த்தா அப்படிக் கேட்டேன்?

நான் பேசியது தப்பு. அத்தனை பேர் முன்னால் பேசினேன். அதனால்தான் இதையும் இணையத்தில் நாலு பேர் படிக்க எழுதுகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கியாக்தானுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கை,
மீனா

கோ செல்வம், இதைப் படித்தால் சீக்கிரம் பதில் போடுங்கள்.