உங்கள் ரத்தத்தின் கதை, அத்தை

அத்தை,

இன்று காலை லேப்பில் ஒரு பெண்ணின் ரத்தத்தை ஸ்லைடில் மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் நிறமே இல்லாதது. ஸ்லைடை இப்படியும் அப்படியும் சாய்த்தபோது மஞ்சள் விட்ட இடத்தில் ரத்தம் திரிந்த பால்போலக் கட்டியது. நிறமில்லாத மருந்து விட்ட இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பி நெகட்டிவ். உங்கள் குரூப். அந்தப் பெண்ணுக்கு இது முதல் பிள்ளை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் இதை மறக்காமல் காட்டு என்று சொன்னேன். வாசல் வரை போய் இன்னொரு தடவை சொன்னேன். மறுபடியும் சொன்னபோது அவள் கணவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. ஐயப்பன்தாங்கல் டிப்போ எதிரே டீ வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் உட்காரச் சொல்கிறது. நேற்று உங்களுக்குத் தலைத்திவசம். அப்போதிருந்தே இப்படித்தான். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ மாலை போட்ட படமாகச் சுவரில் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூட்டு ஆபரேஷனுக்காக உங்கள் ரத்தத்தைப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வரை உங்கள் குரூப் என்னவென்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது. நெகட்டிவ் என்று வந்ததும் எனக்குப் பழைய கதையெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. முதல் பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், கல்லுக்குண்டாகப் பிறந்தார். அடுத்தது மஞ்சள் மஞ்சளாகப் பிறந்து சில நாளில் போய்விட்டது. அதற்கடுத்த இரண்டும் வயிற்றிலேயே போயின. இதெல்லாம் ஊரே சொன்ன கதை. மாமாவின் தங்கை, பூந்தமல்லியிலிருக்கும் உங்கள் நாத்தனார், இதற்கு ஒரு பட்டமே கொடுத்திருந்தார். புள்ள முழுங்கி.

மாங்காட்டில் யார் வீட்டு வளைகாப்பிலும் நீங்கள் வளையல் அடுக்கி நான் பார்த்ததில்லை. என் வளைகாப்பன்றுகூட அடுப்படியில் புளிசாதம் கிளறிக்கொண்டு நின்றீர்கள். "எல்லாரும் போட்டுட்டாங்களா? கை நிறைஞ்சுதா?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் வெளியே வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தினமும் உங்கள் காலை மடக்கி நீட்ட வேண்டும். வலி உயிர் போகும். "இன்னாமே, சும்மா காலப் புடிச்சுத் திருகாத. எதுனா கதை சொல்லிகினே பண்ணு" என்றீர்கள். எனக்குத் தெரிந்த கதை ரத்தம் ஒன்றுதான். அதையே சொன்னேன்.

எப்போதோ ஒரு டாக்டர் தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்கள் ரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தாராம். சிலது சேர்ந்தது, சிலது திரிந்துபோனது. அப்படித்தான் குரூப் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது.

"அப்போ ரத்தத்துலயும் சாதி கீதா?"

"அந்தச் சாதி இல்ல அத்தை. எல்லாச் சாதியிலயும் எல்லா குரூப்பும் இருக்கு."

"அதத்தான் நான் எப்பவோ சொன்னேன். எவன் கேட்டான்?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் காலை இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டேன், நீங்கள் கவனிக்கவில்லை.

இன்னொரு நாள் குரங்குக் கதை. குரங்கின் ரத்தத்தை முயலுக்கு ஊசி போட்டு, முயல் உடம்பில் உண்டான எதிர்ப்பொருளை எடுத்து மனிதர் ரத்தத்தில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ரத்தம் கட்டியது. அவர்கள் பாசிட்டிவ். கட்டாதவர்கள் நெகட்டிவ்.

"உன்து கட்டும், என்து கட்டாது. அப்போ நீதான் கொரங்கு" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது அவளிடமும் சொல்லிவிட்டீர்கள். ஒரு வாரம் தெருவில் என் பெயரே அதுதான்.

அப்புறம் ஒரு பெண்ணின் கதை. ஏதோ ஒரு ஊரில் பிள்ளை வயிற்றிலேயே இறந்து, ரத்தமெல்லாம் கொட்டிப்போய்க் கிடந்தவளுக்குக் கணவன் ரத்தத்தை ஏற்றினார்கள். அவள் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாமல் தூக்கித் தூக்கிப் போட்டது. ஏன் என்று தேடியபோதுதான், பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து வந்த ஏதோ ஒன்றை அம்மாவின் ரத்தம் எதிரியாக நினைக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை.

"அப்பால அவளுக்குப் புள்ள பொறந்துச்சா?"

"தெரியல அத்தை. நான் படிச்ச புத்தகத்துல அது இல்ல."

"அதப் போட்டிருக்க வேணாமா?" என்று புத்தகம் எழுதினவனைத் திட்டினீர்கள்.

அப்போதுதான் சொன்னேன், உங்களுக்கு நடந்ததும் இதாகத்தான் இருக்கும் அத்தை, உங்க ராசியும் இல்ல, பாவமும் இல்ல என்று. நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். அழவில்லை. இதற்கு மருந்து உண்டா என்று மட்டும் கேட்டீர்கள். உண்டு, ஓர் ஊசி என்றேன். பிள்ளையின் ரத்தம் அம்மா உடம்புக்குள் வந்தால், அவள் ரத்தம் விழித்துக்கொள்வதற்குள் அந்த ஊசி போய் அதை அழித்துவிடும். வாசலுக்கு வந்த திருடனை வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் விரட்டிவிடுவதுபோல.

"அந்த ஊசி எப்ப வந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க சின்னப் பொண்ணா இருக்கும்போதே வெளிநாட்டுல வந்துடுச்சு அத்தை."

மின்விசிறியைப் பார்த்தபடியே "அங்கேர்ந்து மாங்காட்டுக்கு பஸ்ஸு கெடைக்கல போல" என்றீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. மறுநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டீர்கள், "ஏம்மே, மொதப் புள்ளைக்கு மட்டும் ஏன் ஒண்ணியும் ஆவல?"

பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி மடமடவென்று ஒப்பித்தேன். முதல் பிள்ளை பிறக்கும்போதுதான் அதன் ரத்தம் அம்மாவுக்குள் கலக்கிறது, அதைப் பார்த்துத்தான் அவள் உடம்பு ஆயுதம் செய்துகொள்கிறது, அடுத்தடுத்து வரும் பிள்ளைகளை அந்த ஆயுதம்தான் தாக்குகிறது. சொல்லி முடித்தபோது கீரையிலிருந்த உங்கள் கை நின்றுவிட்டது.

"அப்போ... என் மவன் ரத்தமா?"

ஐயோ, அத்தை! அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்? அவர் மேல தப்பு இல்ல, பச்சக் கொழந்த அது, அதுக்கு என்ன தெரியும் என்று ஏதேதோ உளறினேன். நீங்கள் அதையெல்லாம் கேட்கவே இல்லை.

"அவன் காதுல இது உழக்கூடாது."

"உங்க நாத்தனாரு இன்னும் உங்களைச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்காங்க? நாலு பேரைக் கூட்டி வச்சு நான் சொல்றேன் அத்தை. அவங்க வாயை அடைக்கிறேன்."

"அவ சொல்லிகினு போவட்டும். கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது இது. அவன் தாங்கமாட்டான்."

"படிச்சவருதானே, எடுத்துச் சொன்னாப் புரியும்."

"எனக்குந்தான் புரியுது. புரிஞ்சா வலிக்காதா?" கீரையை மறுபடி ஆய ஆரம்பித்தீர்கள். "நான் புள்ள முழுங்கியாவே இருந்துட்டுப் போறேன். நீ வாயத் தொறக்காத. எம்மேல சத்தியம்."

சத்தியம் வாங்கிக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். நான் இல்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு அத்தை. கண்டுபிடித்தவர்கள் எதற்காக அத்தனை பாடுபட்டார்கள்? உங்களைப்போன்ற பெண்களைத்தானே அது விடுவித்திருக்க வேண்டும்? கையில் சாவியைக் கொடுத்தால், பூட்டை நீங்களே இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டீர்கள்.

நேற்று திவசத்தில் படையல் முடிந்து இலை போட்டதும் உங்கள் நாத்தனார் ஆரம்பித்தார். "இன்னா இருந்து இன்னா? பெத்ததுல ஒண்ண உட்டுட்டு மீதி மூணையும் முழுங்கிட்டாளே மகராசி." செத்தபிறகுமா! என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே உங்கள் மகன் சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பளத்தை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

இன்று சாயங்காலம் அம்பத்தூர் கம்பெனியிலிருந்து நேராக என்னைக் கூட்டிப்போக வந்தார். மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டி நகரவில்லை. எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் பார்த்தபடியே கேட்டார், "நேத்து பூந்தமல்லி அத்தை சொன்னாங்களே, அதையே நினைச்சிட்டிருக்கேன். மூணும் போயிடுச்சு, நான் மட்டும் எப்படிப் பொழச்சேன்? நீ லேப்ல இருக்கறவதானே, உனக்குத் தெரியாதா?"

பின்சீட்டில் உட்கார்ந்தபடி யோசித்தேன். செல்போனில் தேடினால் அவருக்கே கிடைத்துவிடும். எத்தனை நாள் மறைக்க முடியும் என்று தெரியவில்லை. முக்கால்வாசி உண்மையைச் சொன்னேன். உங்களுக்கு நெகட்டிவ், மாமாவுக்குப் பாசிட்டிவ், இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, யார் தப்பும் இல்லை என்றேன்.

"அப்போ நான்?"

"மொதப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அம்மா ரத்தம் அதை எதிரியா நினைக்காது."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்து முதுகில் கை வைத்தேன். சிக்னல் விழுந்து பின்னாலிருந்த வண்டிகள் கத்தின. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அம்மாகிட்ட சொல்லல? தன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சிருந்தா அவங்க எவ்வளவு நிம்மதியாச் செத்திருப்பாங்க! ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனசு வரலியா?"

சொன்னேன் என்றால், அம்மா ஏன் அதை மறைத்தார்கள் என்று அடுத்துக் கேட்பார். "தோணலைங்க" என்றேன்.

வீடு வந்து சேர்ந்தோம். சோறு போட்டேன், வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். உங்கள் மகனுக்கு என்மேல் வந்த கோபம் இனித் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை அத்தை. இருந்துவிட்டுப் போகட்டும்.