நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணாச்சி,

சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் குரலைக் கேட்டேன். செம்பூரில் எங்கள் அலுவலகத்தில் பழைய கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை நடக்கிறது. அதைச் செய்பவள் நந்தினி என்ற பெண். காட்கோபரில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கச் சிரமப்படுவாள். காதில் ஹெட்போனோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், ஒரு டவுட். இந்த அங்கிள் நாலு நிமிஷத்துக்கு மேல பேசறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பரவால்ல, நீங்க ஹிந்தில சொல்றத வச்சு எழுதிடலாம்னு பாத்தேன். ஆனா நீங்க ஒரு நிமிஷம்கூடப் பேசல. நடுவுல ஏதாச்சும் கட் ஆயிடுச்சா?”

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். பாதி நாக்கோடு, ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து தள்ளி வெளியேற்றும் உங்கள் பேச்சு. நடுவே எச்சிலைத் துடைக்க நீங்கள் நிறுத்தும் இடங்கள். ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை.

“பதிவில் ஒன்றும் விடுபடவில்லை” என்றேன். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு இது செய்தி அல்ல. அந்தப் பதிவு நடந்த மண்டபத்தில் அன்றே இதை அறிந்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தாராவியில் நாம் ஒரே சந்தில் பிறந்தவர்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள். நான் மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது நீங்கள் தோல்பை தைக்கும் பட்டறையில் பத்து வருடங்களை முடித்திருந்தீர்கள். நான் பட்டம் பெற்றேன், புகையிலைக்கு எதிராக வேலை செய்யும் அமைப்பொன்றில் சேர்ந்தேன், செம்பூரில் வீடு வாங்கினேன். நீங்கள் பட்டறையிலேயே இருந்தீர்கள். தைக்கும்போது கை நிற்கக் கூடாது. பீடி பிடித்தால் ஒரு கை போய்விடும், தோலில் பொறியும் விழும். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். உங்கள் பட்டறை முழுவதும் புகையிலைப் பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். இதை நீங்கள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுதிய அறிக்கைகளில் இது எங்கும் இல்லை. காரணம் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியது ‘அறியாமை’.

நாக்கில் புண் வந்து, பாதியை வெட்டி எடுத்து, நீங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வரத் தொடங்கினேன். நுனிநாக்கு வேண்டிய எழுத்து எதுவும் உங்களுக்கு வரவில்லை. உங்கள் பேச்சு உலகத்தில் உங்கள் மனைவி இசக்கியம்மாள் அக்கா ஒருவருக்கு மட்டுமே விளங்கிற்று. முதலில் அக்காதான் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லித் தந்தார். மூன்றாம் மாதம் அவர் இல்லாமலேயே நாம் பேசிக்கொண்டோம். அன்று நீங்கள் சொன்ன முதல் முழு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை.

“என் நாக்குல பாதிய வெட்டுனாவல்லா, அதக் கொண்டு போயி உங்க அக்காவுக்கு ஒட்டி வச்சிட்டாவளோன்னு இருக்கு தம்பி.”

அடுப்படியிலிருந்து அக்கா விடவில்லை. “ஆமா, முழுசா இருக்கையில மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சிய? வாய் நெறய பாக்கெட்டு. என்ன கேட்டாலும் ‘ம்’முன்னு ஒரு சத்தம்.”

வாசலில் அக்காவின் பெட்டிக்கடை. பிஸ்கெட், சோப்பு, ஷாம்பு. அவற்றுக்கு மேலே சரம்சரமாக அந்தப் பாக்கெட்டுகள். உங்கள் நாக்கைத் தின்றவை. அந்தச் சரங்களின் கீழே உட்கார்ந்துதான் நீங்கள் கஞ்சி குடிப்பீர்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன். அக்கா என்னை நேராகப் பார்த்தார். “அது தொங்கலன்னா எவனும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான் தம்பி. அது வாங்க வாரவந்தான் போகையில பிள்ளைக்கு ஒரு பிஸ்கெட்டும் வாங்குதான்.” நீங்கள் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல இருந்ததை நீங்கள் வேறோர் இடத்துக்காகச் சேர்த்துவைத்திருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த இடம் வந்தது. புகையிலை விற்பனை விதிகளை இறுக்குவது பற்றிக் கருத்துக் கேட்க அந்த மண்டபத்தில் ஓர் அரசுக் குழு கூடியது. எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. உலகெங்கும் எங்களைப் போன்றவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மருத்துவர் எண்களைச் சொல்வார், வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்வார், கடைசியில் நோயுற்றவர் ஒருவர் வந்து அவையைக் கலங்கவைப்பார். ஒரு கதை, ஒரு கோரிக்கை. அன்றைய கோரிக்கை, பள்ளிகளுக்கு அருகிலும் குடியிருப்புச் சந்துகளிலும் உள்ள சிறு கடைகளை அகற்ற வேண்டும் என்பது. உற்பத்தியாளர்களின் பேச்சே எடுக்க வேண்டாம் என்று எங்கள் இயக்குநர் சொல்லியிருந்தார். “அது பெரிய சண்டை. இன்னிக்கு ஜெயிக்க முடிஞ்சத ஜெயிச்சுட்டு வருவோம்.” நான் தலையாட்டினேன். உங்களிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள். கையில் மடித்த துண்டு. ஒலிபெருக்கிக்கு முன் நின்று பேசினீர்கள்; அதை இந்தியில் எடுத்துச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். சென்ற ஞாயிறு காலை முழுவதும் உட்கார்ந்து, பதிவிலிருந்து உங்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். அதில் ஒரு பகுதி இது:

“கடைக்காரன் மேல எனக்குக் கோவம் இல்ல. கடைக்காரி எம்பொண்டாட்டி. என் நாக்கத் தின்ன சாமானத்த அவதான் விக்கா. வித்தாத்தான் எனக்குக் கஞ்சி. அவள நாளைக்கு எந்திரிக்கச் சொன்னா அந்த எடத்துல இன்னொருத்தி வந்து இருப்பா. சரத்த மாட்டுதவ மாறுவா, சரம் மாறாது. பாக்கும் புகையிலயும் ஒண்ணா விக்கக் கூடாதுன்னு தடை போட்டிய, சரி. ஒரு பாக்கெட்டா இருந்தது ரெண்டு பாக்கெட்டா வந்துது. ஒண்ணுல பாக்கு, ஒண்ணுல புகையில. வாயில போட்டா ரெண்டும் ஒண்ணுதான். அந்த மூளை எங்க சந்துல உள்ளவன் மூளையா? கொண்டாந்து எறக்குதவன எங்க பிள்ளையளுக்குத் தெரியும். செய்யுதவன உங்களுக்குத் தெரியும். காலையில இருந்து இருக்கேன், அவன் பேர ஒருத்தரும் சொல்லலயே, ஏன்?”

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். தண்ணீர்க் குவளையை என் முன்னால் நகர்த்தினீர்கள். “கொஞ்சம் நீளமாப் போச்சு தம்பி. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

நான் குடித்தேன். பிறகு இந்தியில் சொன்னேன்: ‘இவர் ஓர் ஏழைத் தொழிலாளி. புகையிலையால் நாக்கை இழந்தவர். வாசலிலேயே கடை இருந்ததால் இந்தப் பழக்கத்துக்கு ஆளானார். சந்துகளில் இருக்கும் இந்தக் கடைகளை மூடிவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறார்.’

நீங்கள் கைகூப்பவே இல்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடம் பட்டறையில் இந்தி பேசிய மனிதர் நீங்கள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குப் புரிந்தது. உங்கள் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நீங்கள் மறுத்துப் பேசியிருந்தால், அந்த மறுப்பையும் நான்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ரயிலில் திரும்பினோம். தாதரில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அந்தப் பாக்கெட்டுகளைச் செய்யும் நிறுவனத்தின் பெயர், கீழே ஏலக்காய்ப் படம். புகையிலையை விளம்பரம் செய்யத் தடை என்பதால் அதே பெயரில் ஏலக்காயை விற்கிறார்கள். பெயர் மனதில் நின்றால் போதும் அவர்களுக்கு. அதை எனக்குக் காட்டினீர்கள். ரயில் மாட்டுங்காவைத் தாண்டியபோது சொன்னீர்கள்.

“நல்லா பேசுனிய தம்பி. ஆளு அழுதுட்டாரு.”

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் சொன்னத எப்ப சொல்லப் போறிய?”

“அடுத்த கூட்டத்துல அண்ணாச்சி” என்றேன். நீங்கள் தலையசைத்துவிட்டு, தாராவிக்குப் போகச் சயானில் இறங்கினீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்களை நான் அழைக்கவில்லை. அதற்கு அடுத்ததற்கும் அழைக்கவில்லை. சிறு கடைகளை அகற்றும் விதி வந்தது; ஒரு காலையில் லாரி வந்து அக்காவின் பெட்டிக்கடையை ஏற்றிக்கொண்டு போயிற்று. நீங்கள் லாரியின் முன்னால் நின்று ஏதோ சொன்னீர்களாம். அதை இந்தியில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ‘பேச்சு வராதவர், பாவம்’ என்று தோளைப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினார்களாம். அந்த வாரம் நான் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தேன். திரையில் உங்கள் புகைப்படம். ‘பாதிக்கப்பட்ட சமூகமே முன்வந்து கேட்டுப் பெற்ற மாற்றம் இது’ என்று பேசினேன். பல நாட்டவர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நிறுவனத்தில் அன்று ஓர் இயந்திரம்கூட நிற்கவில்லை. எங்கள் கைதட்டலில் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. அவர்களுக்காக உங்கள் பெண்டாட்டியைக் குற்றவாளியாக்கித் தரும் வேலையை, ஊதியம் எதுவும் கேட்காமல், நான் முடித்திருந்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலைகள் வந்தன. நோய் மறுபடி உங்கள் தொண்டையில் வந்தது. உங்களை எரித்த அன்று கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

சென்ற ஞாயிறு எழுதி முடித்த தாள்களோடு தாராவிக்குப் போனேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு பெட்டிக்கடை, இன்னொரு பெண், அதே சரம். அக்கா இப்போது மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி, வழி தெரிஞ்சுதா?” என்றார். கைப்பேசியில் பதிவைப் போட்டேன். உங்கள் குரல் தொடங்கியதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். கடைசிவரை அசையவில்லை. தண்ணீர்க் குவளை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்கன்னு சொல்லுதாவளே. குடிச்சியளா?”

“குடிச்சேன்க்கா.”

“குடிச்சிட்டு?”

சொன்னேன். இந்தியில் சொன்னதைத் தமிழில், ஒரு சொல் குறைக்காமல், அக்காவிடம் சொன்னேன். அவர் முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார்.

“அன்னைக்கே வந்து சொன்னாவ. ‘தம்பி பயந்துட்டான். அடுத்த தடவ சொல்லுவான்’னாவ. அடுத்த தடவைக்குன்னு அந்தச் சட்டையத் தொவச்சுக் கஞ்சி போட்டு மடிச்சு வச்சிருந்தாவ. ரெண்டு மழைக்காலம் அப்படியே இருந்துது. கடைசியில அதத்தான் போட்டு அனுப்புனோம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதோடு முடிந்தது என்று நான் எழுந்து வந்திருப்பேன்.

குழு மீண்டும் கூடுகிறது. பேசுவோர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. உங்கள் நாலு நிமிடத்தையும் முழுமையாக இந்தியில் எழுதி, அன்று அதைச் சுருக்கியவன் நான்தான் என்ற வாக்கியத்தை மேலே வைத்து, நேற்று இயக்குநரின் மேசையில் வைத்தேன். “இத இப்ப வெளிய கொண்டுவந்தா கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம். நம்ம சொல்ற எதையும் இனிமே நம்ப மாட்டாங்க” என்றார். லாபம் அவனுக்கு அன்றிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது என்றேன். பட்டியலிலிருந்து என் பெயரை அவர் எடுத்துவிடலாம். எடுத்தால் பார்வையாளர் வரிசையில் இருந்து எழுந்து வாசிப்பேன். முழுவதும் வாசிக்க விடுவார்களா என்று தெரியாது. உங்களைப் போல என்னையும் ஓரத்தில் நிறுத்தலாம். எனக்கு முழு நாக்கு இருக்கிறது என்ற ஒரு வேறுபாட்டோடு.

இன்று நந்தினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு, உங்கள் பேச்சு முடிந்து என் இந்தி தொடங்குவதற்கு முன் ஒரு சத்தம் கேட்கிறதே, அதை எப்படிக் குறிப்பது என்று மட்டும் கேட்டாள். மிடறுமிடறாகத் தண்ணீர் இறங்கும் சத்தம். பதிவிலேயே மிகத் தெளிவாகக் கேட்பது அதுதான், அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமையிலிருந்து எந்தக் குவளையை எடுத்தாலும் என் தொண்டையில் அது கேட்கிறது.

‘மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடிக்கிறார்’ என்று எழுதச் சொன்னேன்.