ஒன்பது மணிக்குள் வெளியே

என் அன்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். சின்னவளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டது. இனி அவள் சிரிப்பைக் கேலி செய்ய உங்களுக்கு வழியில்லை. நல்ல செய்தி இதோடு முடிந்தது. மீதியை முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், நடுவில் திட்டாதீர்கள்.

சரக்கு வண்டிகள் காலை ஒன்பது மணிக்குள் கடைத்தெருவை விட்டு வெளியேறிவிட வேண்டும், தாண்டினால் முனையில் இருக்கும் கேமரா பிடித்துவிடும், மூன்று முறை பிடிபட்டால் பர்மிட் ரத்து. இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததுதான். நீங்கள் ஓட்டியபோது ஒரு முறை மாட்டினோம். போன செவ்வாய்க்கிழமை நான் இரண்டாவதையும் சம்பாதித்துவிட்டேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடைத்தெரு மேட்டு வீட்டில் பட்டன் தைக்கும் அக்காவின் ஆக்சிஜன் சிலிண்டர் உருளக் கூடாதே என்று, அதைத்தான் முதலில் ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டினேன். முதலில் ஏறியது கடைசியில்தானே இறங்கும்! அதை மறித்து மாவு மூட்டைகள், சோப்புப் பெட்டிகள். மாவுக் கடைக்காரர் ஷட்டரைத் திறக்கவே எட்டரை. எல்லாம் இறக்கி, அக்கா வீட்டுக்கும் போய்த் திரும்பும்போது ஒன்பது எட்டு.

நேற்று நண்பகலில் அக்காவின் மகள் போன் செய்தாள். இப்போதெல்லாம் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம். "மீட்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு சித்தி, நாளைக் காலை வரைக்கும் தாங்காது" என்று அழுதாள். வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு, சிலிண்டரைத் தள்ளுவண்டியில் கட்டி அந்த மேட்டில் ஏற்றினேன். பாதியில் கை வழுக்கி, வண்டியோடு நானும் பின்னால் சரிந்தேன். காய் விற்பவர் ஓடி வந்து பிடித்தாரோ, பிழைத்தேனோ. முழங்கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதுதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்று மனு கொடுத்தேன். மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டாம். அதிகாரி அம்மா தங்கமானவர்தான். "நியாயம் உங்க பக்கம்தாம்மா. ஆனா கையெழுத்தாக இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் பகல்ல உள்ள போயிடாதீங்க" என்றார்.

நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து வந்து, இனி வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பர்மிட் போனால் எதை ஓட்ட வருவீர்கள்? இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருங்கள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டி வருமோ? போன் அடித்தாலே பதறுகிறேன்.

இந்த இருபது நாளுக்குள் அந்தப் பெண் மறுபடி பகலில் கூப்பிட்டால், தள்ளுவண்டியை நம்ப மாட்டேன். வண்டியோடு உள்ளே போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். போகாதே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினாலும் போவேன், ஆனால் அழுதுகொண்டே போவேன்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
வீட்டுக்காரி