பொந்தோ என்ற ஒரு சொல்

அப்பா,

கீழ்வீட்டில் இன்று ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாடை படியேறி நம் அறைக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். அவள் தூங்கியதும் நான் எழுந்து திறந்தேன். வேலைவிட்டு வந்து நீங்கள் சட்டையைக் கழற்றும்போது வரும் வாடை அதுதான். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்கள் சட்டைகளை எல்லாம் அம்மா துவைத்து மடித்துவிட்டாள். இப்போது முகர்ந்தால் சோப்புதான் வருகிறது.

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். நாளை அம்மா விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு பெங்காலி வராது. மாற்றிச் சொல்வதற்கு நான் கூடப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. எழுத்து கோணலாக வருகிறது.

உங்களுக்கும் நான்தானே மாற்றிச் சொன்னேன். கார்டன் ரீச் பெயிண்ட் கோடவுனில் அத்தனை வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தும் உங்கள் பெங்காலி பஸ் கண்டக்டரைத் தாண்டவில்லை. பவானிபூர் பஜாரில் மீன்காரர் ஏதாவது சொன்னால் என் தோளைத் தட்டுவீர்கள். பெங்காலியில் தண்ணீரைக்கூட ‘சாப்பிடுகிறார்கள்’ என்றே சொல்வதில் உங்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு. “தண்ணி, சிகரெட்டு, அடி, எல்லாத்தையும் சாப்பிடுறாங்க. அப்புறம் சோறு எதுக்கு?” என்பீர்கள். கோடவுனில் உங்களோடு வேலை பார்க்கும் தபன் சித்தப்பா, இங்கத்து வழக்கில் தபன் காக்கு, ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வரும்போது அதைக் கேட்டால் விடமாட்டார். “அண்ணா, உங்க பெங்காலியில கரெண்டே இல்லை. ஃப்யூஸ் போயிடுச்சு” என்று அவர் மொழியில் சொல்வார். நான் தமிழில் சொன்னதும் நீங்கள், “அவன் தமிழுக்கு ஒயரே இழுக்கலைன்னு சொல்லு” என்பீர்கள். அவர் தட்டை நீட்டி, “பௌதி, ஆர் ஏக்டா!” என்பார். அண்ணி, இன்னொரு தோசை என்பது மட்டும் அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே புரியும்.

இப்போது தபன் காக்கு வருவதில்லை. அவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அதற்குமுன் உங்கள் பூட்டைப் பற்றி. தின்னர் கோடவுனில் ஒயர்கள் சேரும் இடமெல்லாம் கனத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், மூடியைச் சுற்றி வரிசையாக போல்ட்டுகள் இருக்கும் என்று ஒருநாள் சொன்னீர்கள். “அங்க காத்துலயே தின்னர் கலந்திருக்கும் பாப்பா. பெட்டிக்குள்ள பொறி பறந்து வெடிச்சாலும் நெருப்பு வெளிய வராது. ஆனா மூடி மூடியிருந்தாத்தான்.” டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வேலை செய்யலாமே என்று கேட்டேன். “டெஸ்டர் வைக்கணும்னா திறக்கணும். கரெண்டோட திறந்துட்டு, அப்புறம் பாத்து என்ன பண்ண?” என்றீர்கள். அதனால்தான் தள்ளியிருக்கும் மெயின் அறைக்கு நீங்களே போய், சுவிட்சை இறக்கி, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். ஒருமுறை சாவியோடு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். கோடவுனே இருட்டு. தபன் காக்கு ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. நீங்கள் சாவியை நீட்டி, “இருட்டா இருந்தா ஒருத்தனும் சாகமாட்டான்னு சொல்லு” என்றீர்கள். நான் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அம்மா கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை மழை. தின்னர் கோடவுனில் ஒரு விளக்கு எரியவில்லை, வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் போன் அடித்தது. நான் எடுத்தேன். தபன் காக்கு. காலை ஷிப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். “பாபாகே போலோ, பாக்ஷோ பொந்தோ கொரே தியேச்சி” என்றார். அப்பாவிடம் சொல்லு, பெட்டியை பொந்தோ பண்ணிவிட்டேன். அவ்வளவுதான். மழைக்கு ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தவருக்கு பஸ் வந்துவிட்டது.

நான் குளியலறைக் கதவைத் தட்டி, “அப்பா, பெட்டிக்குக் கரெண்டை நிறுத்திட்டாராம்” என்றேன்.

“நிறுத்திட்டானா?”

“ஆமாம்ப்பா.”

அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளும் கேட்டாள்.

அங்கே போனபோது விளக்கு எரியாமல்தான் இருந்திருக்கும்; கரெண்ட் இல்லை என்றே நினைத்திருப்பீர்கள். பழுதான விளக்கு எப்படி எரியும்? மெயின் அறைக்கும் கோடவுனுக்கும் நடுவில் முழங்கால் தண்ணீராம். நீங்கள் அங்கே போகாமலே பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள்; பொறி பறந்து தின்னர் காற்று பற்றிக்கொண்டதாம். பூட்டு உங்கள் டூல்ஸ் பைக்குள்ளேயே இருந்தது, சாவியோடு. ஆஸ்பத்திரியில் அந்தப் பையை என் கையில்தான் கொடுத்தார்கள். இரண்டு நாள் நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை; மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அங்கேயே கம்பெனி ஆட்கள் வந்து கேட்டார்கள். அம்மா அழுதுகொண்டே, “கரெண்டை நிறுத்திட்டேன்னு தபன் போன்ல சொன்னாரு. அதை நம்பித்தான் போனாரு” என்றாள். அதை பெங்காலியில் மாற்றிச் சொன்னதும் நான்தான். அப்போது எனக்கும் அது உண்மையாகத்தான் தெரிந்தது.

மெயின் இறக்கப்படவே இல்லை. அதனால் தபன் காக்கு பொய் சொல்லி உங்களைக் கொன்றுவிட்டார் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நாளை அம்மா கையெழுத்துப் போட்டால் போலீஸ் அவரைக் கொண்டுபோகும் என்கிறார்கள். உங்கள் காரியத்துக்கு அவர் வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நானும் கதவைத் திறக்கவில்லை.

போன வாரம் வகுப்பில் மிஸ், “பொந்தோ கொரோ” என்றார். நான் புத்தகத்தை மூடினேன். சுவிட்ச் பக்கம் இருந்த பெண் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். வகுப்பே சிரித்தது. “ஃபேன் இல்லை, கதவு! வெளியே ஒரே சத்தம்” என்று மிஸ்ஸும் சிரித்தார். நான் மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்குக் கதவை மூடுவதும் பொந்தோ, ஃபேனை நிறுத்துவதும் பொந்தோ. தபன் காக்கு பெட்டியின் மூடியை போல்ட் போட்டு மூடிவிட்டதைச் சொல்லியிருக்கிறார். திறந்து கிடக்கவில்லை, பயமில்லை என்று. கரெண்ட் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அது நான் போட்டது.

ஒரு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அதுதான் பயம். போலீஸ்கூட இல்லை. சொல்லாவிட்டால், நாளை அதே பொய்யை இரண்டாவது முறையும் என் வாயால் பெங்காலியில் சொல்ல வேண்டும். இந்த முறை தெரிந்தே.

நீங்கள் இருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். திட்டுவீர்கள். அப்புறம் மீன்குழம்பில் இருக்கும் தலையை எடுத்து என் தட்டில் வைப்பீர்கள். உங்கள் திட்டைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, அப்பா. அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

அம்மா முழித்துக்கொண்டாள். நிறுத்துகிறேன்.

சொல்லிவிட்டேன்.

“என்னடி எழுதற?” என்று எழுந்து உட்கார்ந்தாள். “அம்மா, தபன் காக்கு பொய் சொல்லல. நான்தான் தப்பா மாத்திச் சொன்னேன்” என்றேன். மூடுவதையும் நிறுத்துவதையும் கையால் காட்டிச் சொன்னேன். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. பிறகு, “முதல்லேருந்து சொல்லு. அவரு சொன்னது சொன்னபடியே சொல்லு” என்றாள். மூன்று முறை சொல்லவைத்தாள். பாக்ஷோ பொந்தோ கொரே தியேச்சி. நான்காவது முறை அவளே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் என் தலையை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது.

“மெயினுக்குப் போய்ப் பூட்டைப் போடாம ஒரு நாளும் பெட்டியைத் தொடமாட்டாரே, மனுசன்” என்று அழுதாள். “அன்னிக்கு மட்டும் ஏன்டி?”

காலையில் முதலில் தபன் காக்கு வீட்டுக்குப் போகிறோம். பிறகு அதிகாரியிடம். அம்மா தமிழில் சொல்வாள். நான் சொல்லுக்குச் சொல் மாற்றுவேன். அதன்பின் என் பங்கை நானே சொல்வேன்.

அம்மா கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அப்பா. யார் சொன்னாலும் நம்பாமல் நீங்களே போய்ப் பார்ப்பீர்கள். அன்றைக்குச் சொன்னது நான்.