பல் அச்சில் வார்த்த காற்றுவாய்

ஜூலை 7, திங்கள்

மழை விடவில்லை. யூனிஃபார்ம் காயாமல் ஃபேனுக்குக் கீழே கொடியில் தொங்குகிறது. வீடு முழுக்க ஈர வாடை. நாளை பயாலஜி டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிட வேண்டும்.

பொம்மைக் காரில் முடிந்தவை:
முன் அச்சு: உடைந்த குடையின் கம்பி.
புகைக்குழாய் எட்டு: தடித்த செம்புக் கம்பி. எட்டும் ஒரே மாதிரி வளைவதற்குள் வேனல் லீவு போய்விட்டது.
எரிபொருள் குழாய்கள்: பழைய ஹெட்ஃபோன் வயருக்குள் இருந்த செம்பு நூல்.
போல்ட் தலைகள்: குண்டூசித் தலையை உரசியது. இரண்டு தரையில் விழுந்து காணவில்லை.

முடியாதது: காற்றுவாய்.

கார் என்னுடையது அல்ல. துபாய் போன மாமா மகன் விட்டுவிட்டுப் போன டப்பா, ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல். நேர் சாலையில் ஒரே ஓட்டம் ஓடுகிற பந்தயக் கார். நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எஞ்சின் பாகங்கள் பாதி அதில் இல்லை. இல்லாததை உலோகத்தில் செய்துவிடலாம் என்று ஆரம்பித்தது.

நிஜக் கார் ஓடுவதை அம்மா போனில் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் பின் டயர் துணி மாதிரி மடிகிறது. முன் சக்கரம் தரையை விட்டுவிடுகிறது. படம் பிடித்தவர் கையே நடுங்குகிறது. நான் "அம்மா" என்று கூப்பிட்டு அவள் "என்னட்டி" என்பதற்குள் பந்தயமே முடிந்துவிடும். அவ்வளவு வேகத்துக்கும் காற்று போவது எஞ்சின் மேல் நிற்கும் ஒரே ஒரு கூடு வழியாக. உள்ளே மூன்று வட்டக் கதவுகள். மூன்றும் ஒன்றாகத் திறக்கின்றன. அதைத்தான் காற்றுவாய் என்கிறேன். சரியான பெயர் தெரியாது.

கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி மடித்தேன். மூலையில் கிழிந்தது. மறுபடியும் மடித்தேன், மறுபடியும் கிழிந்தது. தகட்டில் வராது. மெழுகில் வரும்.

மெழுகு அப்பாவுடையது.

அப்பா பல் செய்கிறவர். கிளினிக்கில் இருந்து பிளாஸ்டர் வாய் வரும். அதன் மேல் மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, மேலே வெள்ளை பூசிக் கொடுப்பார். பக்கத்து அறைதான் பட்டறை. எனக்கு அங்கே ஒரே ஒரு வேலை: மெழுகுப் பல்லைச் சுற்றி இறுகி அச்சாகிற மாவைக் கரைத்து வளையத்துக்குள் ஊற்றுவது. மாவு அப்பாவுக்கு இருமலை இழுக்கும். மற்றபடி, "மேசையில கை வச்ச, வெரல ஒடிச்சிருவேன்." சொன்னதைச் செய்கிறவர்.

மெழுகில் ஒரு துண்டைத் தெரியாமல் எடுத்துப்போய்க் காற்றுவாயைப் பள்ளிக்கூடத்தில் செதுக்கினேன், மதிய இடைவேளையில், காம்பஸ் முனையால். இன்று முடிந்தது. சுவர் நகத்தை விட மெலிசு. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் உள்ளே வருகிறது. நான்தான் செய்தேனா என்று நம்ப முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டெஸ்ட் மோசம்.

சாயங்காலம் கிளினிக்கில் வேலை செய்யும் ஷீபா சேச்சி வந்தார், பாதி மலையாளம் பாதி தமிழ் பேசுகிறவர். ரெயின்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டர் வாய்.

"அண்ணா, இது அர்ஜென்டாணு. பொன்முடி எஸ்டேட்டிலெ பெண்குட்டி. ஞாயிறாழ்ச்ச கல்யாணம்."

"எல்லாம் அர்ஜென்டு. பல்லு என்ன தோசையா, ஊத்துன உடனே எடுக்க?"

"லயத்து வீட்டுப் படியில வழுக்கி விழுந்து முன்பல்லு மூணு போயி. கை வச்சு வாயை மூடிக்கிட்டேதான் பேசுது. சனியாழ்ச்ச ஒரு தடவைதான் கீழ வரும், அண்ணா. இந்த மழையில அந்த பஸ்ஸு ஓடறதே பாக்கியம்."

"மாப்பிள்ள பாத்தாச்சா?"

"பாத்தது பல்லிருந்தப்போ!"

இருவரும் சிரித்தார்கள். அந்த வாயை நான் எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டரில் கீழ்ப்பற்கள் வரிசையாக, அழகாக. மேலே நடுவில் பள்ளம். முகம் தெரியாத ஒருத்தியின் வாய் என் உள்ளங்கையில். பேர் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா உடனே உட்கார்ந்துவிட்டார். ஐந்து பல் சேர்ந்த ஒரே துண்டு: போன மூன்று, பிடித்துக்கொள்ளப் பக்கத்துக்கு ஒன்று. சூடான கரண்டி நுனியில் மெழுகுச் சொட்டு வைக்கிறார், சொட்டு பல்லாகிவிடுகிறது. சிறிய தராசில் வைத்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு வளையத்தின் அடித்தட்டில், மெழுகுத் தண்டின் மேல் நிறுத்தினார். பூ மாதிரி நின்றது.

"மாவு கலக்கி ஊத்து, மக்களே. குமிழி வரப்பிடாது. நான் கேஸு சிலிண்டரு பாத்துட்டு வாரேன்."

மக்களே என்றார். மனசு குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்.

அவர் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தேன். பிறகு கரண்டியைச் சுட வைத்து, ஒரு மெழுகுக் குச்சியால் காற்றுவாயை அதே தண்டில் ஒட்டினேன். பல்லுக்குப் பின்னால். மாவை ஊற்றினேன். முதலில் பற்கள் மூழ்கின. பிறகு கதவுகள், ஒன்று, இரண்டு, மூன்று. மேலே வெறும் வெள்ளை.

அப்பா வந்து பார்த்தார். "சரியாயிட்டு" என்றார்.

ஜூலை 9, புதன்

அச்சு மேசை மேல் இறுகி நிற்கிறது. பட்டறைக்குள் போகவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், சாயங்காலம் வரை.

நாகர்கோவிலில் ஒரு சிநேகிதரும் பல் செய்கிறவர். அப்பா அவரிடம் போனில்:

"லேய், மெழுக நிறுக்காம மெட்டல உருக்குனா அப்படித்தான் வரும். மெழுகு கனத்துக்குத் தகுந்த மெட்டலு. கொறஞ்சா நுனி வராது. நுனி வராத பல்லு பல்லா? குப்பை. தூரப் போடு."

நிறுப்பது பில் போடுவதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், கேட்டதில்லை.

அவர் எடை பார்த்த பிறகு நான் ஒட்டினேன். அவர் ஐந்து பல்லுக்குத்தான் உலோகம் உருக்குவார். காற்றுவாய் பாதியைக் குடித்துவிடும்.

மாவு இறுகிவிட்டது. உடைத்து எடுத்தால் பல்லும் போகும். மறுபடி செய்ய நேரம் இருக்கிறதா, தெரியாது. சொன்னால் விரல். சொல்லாவிட்டால் அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டு மணையில் உட்கார்வாள்.

சாப்பிடும்போது சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா, "ஏட்டி, கொசு போயிரும், மூடு" என்றாள். மூடிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை, இடி. வகுப்பில் என்ன நடந்தது என்று தெரியாது. அப்பா மதியம் அச்சை அடுப்பில் வைப்பார், மெழுகு உருகி எரிந்து போகும், என் காற்றுவாய் வெறும் இடமாகிவிடும், சாயங்காலம் வார்ப்பார். இதுவே தலைக்குள். பெல் அடித்ததும் ஓடினேன். ஷூ முழுக்கச் சேறு.

பட்டறையில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறார். கையில் சுடர். சீறுகிற சத்தம். வார்க்கும் மெஷினின் கையில் செந்தணலாய் அச்சு. அதற்கு முன்னால் மண் கிண்ணத்தில் மாத்திரை மாதிரி உலோகக் கட்டிகள். விளிம்பு மழுங்கி, ஒன்றோடு ஒன்று சாயத் தொடங்கிவிட்டன.

"அப்பா, இன்னும் கட்டி போடுங்க."

"வெளிய போ. கண்ணு போயிரும்."

"பத்தாதுப்பா. போடுங்க."

திரும்பினார். கறுப்புக் கண்ணாடி. கண் தெரியவில்லை. சுடரை எடுத்தால் உலோகம் கெட்டுவிடும், எடுக்கவும் முடியாது. ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"எத்தற?" என்றார்.

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

இடுக்கியால் இரண்டு போட்டார். கட்டிகள் கரைந்து ஒன்றாகி, மேலே ஒரு தோல் மாதிரி படர்ந்து, அந்தத் தோல் நடுங்கியது. விசையை விட்டார். மெஷின் கை சுழன்றது. கிண்ணத்தில் இருந்த வெளிச்சம் அறைக்குள் ஒரு வளையமாக நின்றது. என் முகத்தில் சூடு வந்து வந்து போனது. பயத்தை மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன்.

நின்றது. அச்சின் வாயில் ஒரு சிவப்புப் பொட்டு. மெல்லக் கறுத்தது.

"ஆறட்டும். அதுவரைக்கும் பேசாத."

அப்பா கட்டன் சாயா குடித்தார். நான் சுவரோரம். வெளியே பக்கத்து வீட்டு ஓட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

பிறகு சுத்தியல். வெள்ளை மாவு உதிர்ந்தது. முதலில் பல். ஐந்தும். அப்பா ஓரங்களில் நகத்தை ஓட்டிப் பார்த்தார், ஒவ்வொரு ஓரமாக. முழுசாக வந்திருந்தது.

திருப்பினார். பின்னால் அது.

மூன்று கதவுகளும். நகத்தை விட மெலிசான சுவரும். காம்பஸ் வழுக்கி நான் போட்ட கீறல்கூட அப்படியே. மூச்சுப் பட்டால் வளைந்த பொருள், இப்போது சுத்தியல் நுனி தட்டினால் 'டிங்' என்கிறது. மெழுகு இருந்த இடத்துக்குள் நெருப்பாக வந்து, நான் விட்ட ஒரு மூலையையும் விடாமல் உலோகம் போய் நின்றிருக்கிறது. யாரும் அதற்கு வழி சொல்லவில்லை.

"இது எந்தப் பல்லு?"

தரையில் உதிர்ந்த மாவைக் காலால் ஒதுக்கினேன்.

"கேட்டது காதுல விழுந்துதா?"

"கார்ல... எஞ்சினுக்குக் காத்து போற வாய்."

வெட்டும் சில்லால் இரண்டையும் தண்டிலிருந்து பிரித்தார். காற்றுவாயை லென்ஸுக்கு அடியில் வைத்தார். ஒவ்வொரு கதவாகப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்கு நுனி வரலைன்னா என்ன செய்திருப்ப?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது."

அதைச் சட்டைப் பையில் போட்டார். "போய்ப் படி."

அடி விழவில்லை. அதுதான் இன்னும் பயம்.

ஜூலை 11, வெள்ளி

பட்டறைக் கதவில் பூட்டு. புதுசு. அப்பா உள்ளே இருக்கும்போது மட்டும் திறக்கிறது. நாள் முழுக்க வெள்ளை பூசினார், சுட்டார், பூசினார். மாவு கரைக்கவும் என்னைக் கூப்பிடவில்லை.

அம்மா: "அப்பனும் மகளும் என்ன, கோயில் தூண் மாதிரி? நான் யார்கிட்ட பேச, மிக்ஸிகிட்டயா?"

பிறகு அப்பா சட்டையைத் தோய்க்க எடுத்தாள். "பையில என்னத்தயோ கெடக்கு, குத்துது." அப்பா பட்டறையிலிருந்து எழுந்தே வந்து வாங்கிக்கொண்டார். வேறு சட்டை மாட்டி, அதன் பையில் போட்டார்.

பிளாஸ்டர் வாயில் பல் மாட்டியிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். எது புதுசு என்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 12, சனி

மழை கொஞ்சம் விட்டது. பொன்முடி பஸ் வரும் வழியில், வித்துரா பக்கம், ரோட்டில் மரம் விழுந்ததாக அம்மா சொன்னாள். பஸ் வருமா.

மத்தியானம் கழித்து ஷீபா சேச்சி. நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால், தேங்காய் துருவிக்கொண்டு. துருவுவதை நிறுத்திவிட்டேன்.

"குட்டி வந்தது, அண்ணா! நனைஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. அம்மையும் கூட. பல்லு ஒரு இடத்திலும் உரசல. கண்ணாடி கொடுத்தேன். பாத்தது, பாத்தது, பின்னெ என் மொபைல்ல போட்டோ எடுக்கச் சொன்னது. ரெண்டு கையும் மடியில!"

"கடிச்சுப் பாத்தாளா?"

"பிஸ்கட் கொடுத்தேன். பாக்கெட்டே தீர்ந்தது."

அப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"அய்யோ, இது ஆருடெ பல்லு? முதலையா?"

"காருக்க மூக்கு. என் மக வார்த்தது."

என் மக செய்தது என்றுகூட இல்லை. வார்த்தது.

"நகக் கனம்கூட இல்ல, பாத்தியா. இவ்வளவு மெலிசுல மெட்டலு ஓடாதுன்னுதான் நான் இத்தன காலம்..." முடிக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேச்சி கை நீட்டினார், கொடுக்கவில்லை. மறுபடியும் பைக்குள்.

ராத்திரி சட்டை ஆணியில் தொங்குகிறது. பை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு. கை எட்டும் தூரம்தான். எடுக்க மாட்டேன். எஞ்சின் மேல் அதன் இடம் காலியாக இருக்கிறது. கேட்கப் பயம்.