நம்பர் சுரண்டிய சிப்

18-11-86 செவ்வாய்

விடாத மழை. காலையிலிருந்து மலை கண்ணிலேயே படவில்லை. கரண்ட் மூன்று தடவை போய் வந்தது. தீபத்துக்கு மைக் செட்டுக்காரர் கொடுத்த ஆம்ப்ளிஃபையர் நாலும் அப்படியே கிடக்கின்றன.

வேலை ஓடாததால் டிராயரைச் சுத்தம் செய்தேன். உள்ளே இருந்தவை:
டிரான்சிஸ்டர் ஒரு பிடி, பாதி செத்தது.
741 ஐ.சி. – 5.
நம்பர் இல்லாத எட்டுக்கால் சிப் – 2. எதற்கு வைத்தேனோ, ஞாபகம் இல்லை.
வீட்டில் கமலா ஒரு மாதமாகத் தேடும் நெயில் கட்டர்.
செத்த பல்லி.
பல்லியை மட்டும் எறிந்தேன்.

பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர் பாய் மதியமே கடையைச் சாத்திவிட்டார். மகள் நூருக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டதாம். டாக்டரம்மா நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். பாய் முகமே சரியில்லை.

19 புதன்

மழை. நூருக்கு ஆண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இப்படிக் குறைமாதத்தில் பிறந்ததைக் கண்ணாடிப் பெட்டியில் சூட்டில் வைக்க வேண்டுமாம். பெட்டி இருக்கிறது, சூடு வரவில்லை. பாய் செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். போளூரில் ஒரு டாக்டர் தொழிலை விட்டபோது டாக்டரம்மா பழசாக வாங்கிய பெட்டி அது.

ஹீட்டர் நன்றாக இருக்கிறது. சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் சிப்தான் செத்திருக்கிறது. அதன் தலையில் நம்பர் இல்லை. எவனோ சுரண்டியிருக்கிறான். நம்பர் தெரிந்தால்தானே வேறு போட முடியும்?

எல்லாக் கடைக்காரனும் செய்கிற வேலைதான். அடுத்தவன் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது, ரிப்பேர் திரும்பத் திரும்ப நம்மிடமே வர வேண்டும். நானும் செய்திருக்கிறேன். ரேடியோவில் செய்யலாம், டேப்பில் செய்யலாம். பிள்ளை படுக்கிற பெட்டியிலா? தேரடியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறானே, அவன் வேலையாகத்தான் இருக்கும். படுபாவி. அவன் கை விளங்குமா?

சிப்பைச் சூடு வைத்துக் கழற்றியபோது ஏதோ தெரிந்த வாசனை. என்னவென்று பிடிபடவில்லை.

குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். இந்த மழையில் வழியிலேயே போய்விடும் என்றார் டாக்டரம்மா. ஹீட்டருக்கு நேராக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே போட்டு நிறுத்துகிறாள். எத்தனை நேரத்துக்கு?

20 வியாழன்

கால் காலாகப் பார்த்தேன். நாலாம் கால் எர்த். ஏழுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக பிளஸ். 741தான் என்று முடிவு கட்டினேன். டிராயரில் ஐந்து இருக்கிறதே என்ற அவசரமும் காரணம்.

போட்டேன். ஹீட்டர் எரிந்தது. பாய் கண்ணை மூடி ஏதோ ஓதினார். சூடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, நிற்கவே இல்லை. நர்ஸ் கத்தினாள். பிடுங்கினேன். நல்லவேளை, குழந்தையைப் பஞ்சில் சுற்றி நூருவிடம் கொடுத்திருந்தோம். ஆனால் பழையபடி சுவிட்சை மாட்டி முடிக்கும்வரை அரை மணி நேரம் வெளியே இருந்துவிட்டது. கால் விரலெல்லாம் நீலம்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

21 வெள்ளி

காலண்டர் தாளின் பின்னால் திரும்ப வரைந்தேன். ஐந்தாம் காலையும் ஆறாம் காலையும் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறது. 741-ல் அப்படி எவனும் செய்ய மாட்டான். அந்த வழக்கம் 311 என்கிற சிப்புக்கு. எட்டாம் காலிலும் பிளஸ் வருகிறது. முட்டாள், முட்டாள். நேற்றே கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

311 ஊரில் யாரிடமும் இல்லை. வெட்கத்தை விட்டுத் தேரடிக்காரனிடமே போய்க் கேட்டேன். அவனிடமும் இல்லை. அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தான். நம்பவில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது.

பத்து மணி பஸ்ஸில் மெட்ராஸ். ரிச்சி தெருவில் இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. இப்போது திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். திண்டிவனத்தில் ரோட்டின்மேல் தண்ணீர், வண்டி நகரவில்லை. சிப் சட்டைப்பையில். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணாமலையாரே.

22 சனி

காலை எட்டரைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேராக நர்சிங் ஹோம். போட்டேன். ஹீட்டர் எரிந்தது, நின்றது, எரிந்தது. 311தான்.

ஆனால் நேற்று மதியம் நர்ஸ் இன்னொரு பிரசவத்துக்கு ஓட வேண்டியிருந்ததாம். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. பெட்டி சில்லிட்டுவிட்டது. அதிலிருந்து குழந்தை அழவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. நூரு கண்ணாடியில் கையை வைத்தபடி இருந்தாள். என்னைப் பார்த்து, வாங்கண்ணே என்றாள்.

கடைக்கு வந்து செத்த சிப்பை டிராயரில் போட்டேன். செவ்வாயன்று எண்ணி வைத்த இரண்டின் பக்கத்தில் விழுந்தது. மூன்றும் ஒரே மாதிரி. ஒரே சுரண்டல், ஒரே கருப்பு. எடுத்து மூக்கில் வைத்தேன். பூட் பாலிஷ். சுரண்டிய வெள்ளைத் தடம் தெரியாமலிருக்க பூட் பாலிஷ் தேய்ப்பது இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

மூன்று வருடம் இருக்கும். போளூரிலிருந்து ஒரு ஆள் நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு போர்டு கொண்டுவந்தான். எந்த மிஷினில் இருப்பது என்று நான் கேட்கவே இல்லை. மெட்ராஸில் சிப் மூன்று வாங்கினேன். தேரடிக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று மூன்றையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து சுரண்டினேன். நோட்டில் குறித்து வைக்கவில்லை. எனக்கு மறந்துவிடுமா என்ற திமிர்.

இரண்டையும் மேஜையில் மாட்டிப் பார்த்தேன். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. புதன்கிழமை காலையிலிருந்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கின்றன.

நாலு மணிக்குக் குழந்தை போய்விட்டது.

23 ஞாயிறு

மழை விட்டுவிட்டது. மலை முழுசாகத் தெரிகிறது.

காலையில் அடக்கம். ஓரமாக நின்றேன். ஒருவரே தூக்கிக்கொண்டு போனார், அவ்வளவு சின்னது. கமலாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மதியம் பாய் கடைக்கு வந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். டிராயரைத் திறக்கக் கை வைத்தேன். அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"மெட்ராஸ் வரைக்கும் ஓடுனியே சேகரு, அத நான் மறக்க மாட்டேன். நூருகிட்டயும் சொன்னேன். உன் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த நம்பர சுரண்டுனான் பாரு, அவன அல்லா கேப்பான்."

ஆமாங்க பாய் என்றேன்.